திருவாதிரைக்கு ஒரு கணக்கேடு

(தென்காசியில் ஆசிரியர்களும் மாணவர்களும் வாசகர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மார்கழித் திருவாதிரை என்றதும் குற்றாலத்துச் சித்திர சபை நினைவுக்கு வராதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. விடியுமுன் எழுந்து குளித்து, பனியில் நடந்து போய்த் தாண்டவ தீபாராதனை பார்க்கிறோம். வீட்டுக்கு வந்து களி சாப்பிடுகிறோம். சரி, அந்த நாளுக்குப் பெயர் தந்த விண்மீனை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அன்று மாலை கிழக்கே முழுநிலவை ஒட்டிச் சிவப்பாக ஒன்று ஏறி வருமே, அதுதான் திருவாதிரை. மேல்நாட்டார் வைத்த பெயர் பீட்டல்ஜூஸ்.

2020 ஜனவரியில் ஆருத்ரா தரிசனம் வந்தபோது, அந்த விண்மீனுக்கு என்னவோ நேர்ந்திருந்தது. வழக்கமாக வானத்தின் முதல் பத்துப் பிரகாசமான விண்மீன்களில் ஒன்றாக இருப்பது, பார்க்கப் பார்க்க மங்கிக்கொண்டு போனது. பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. கருவி எதுவும் வேண்டாம். மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரிந்தது. வெடித்துச் சிதறப் போகிறதோ என்று உலகமெங்கும் பேச்சு.

இதை முதலில் அறிவித்தவர்கள் அமெரிக்காவில் வில்லனோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு கினனும் ரிச்சர்டு வாசட்டோனிக்கும். 2019 டிசம்பரில் அறிவித்தார்கள். "மங்கிவிட்டது" என்று அவர்களால் எப்படிச் சொல்ல முடிந்தது? முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. கால் நூற்றாண்டாக, சிறிய தொலைநோக்கியில், அதே விண்மீனை அளந்து எழுதி வைத்திருந்தார்கள். அதற்கும் முந்தைய காலத்துக்கு, பல நாடுகளின் பொழுதுபோக்கு வானியலாளர்கள் எழுதிய குறிப்புகள் இருந்தன. கணக்கேடு இல்லாதவன் இழப்பையும் அறிய மாட்டான். இன்று நான் பேசப்போவது அந்தக் கணக்கேட்டைப் பற்றி. அதைத் தென்காசியிலும் குற்றாலத்திலும் நாம் எழுத முடியும், எழுத வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். விண்மீன்கள் எல்லாம் ஒரே சீராக எரிபவை அல்ல. ஒளி கூடிக் குறைபவை ஏராளம். அவற்றை மாறொளி விண்மீன்கள் என்கிறோம். மாறுவதற்குக் காரணங்கள் பல. திமிங்கில மண்டலத்தில் மீரா என்றொரு விண்மீன். 1596-இல் டேவிட் ஃபாப்ரிசியஸ் என்ற பாதிரியார் அதைக் கவனித்தார். ஏறக்குறைய 332 நாள்களுக்கு ஒருமுறை அது விம்மித் தணிகிறது. உச்சத்தில் வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அடிமட்டத்தில் தொலைநோக்கி இல்லாமல் கண்டுபிடிக்கவே முடியாது. பெர்சியஸ் மண்டலத்து அல்கோல் வேறு வகை. அது இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும் ஜோடி. மங்கலானது பிரகாசமானதை மறைக்கும்போதெல்லாம் ஒளி குறைகிறது. 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தக் கிரகணம் நடக்கிறது. இங்கிலாந்தில் ஜான் குட்ரிக் என்ற இளைஞர், காது கேளாதவர், 1783-இல் இந்தக் கால அளவை வெளியிட்டார். பதினெட்டு வயது. அடுத்த ஆண்டு அவரே செஃபியஸ் மண்டலத்து டெல்டா விண்மீனின் மாற்றத்தையும் கண்டார். அந்த இனத்து விண்மீன்களை வைத்துத்தான் பின்னாளில் ஹென்றியட்டா லெவிட் ஒளிக்கும் கால அளவுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தார். அதை வைத்து எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் வேறோர் உலகம் என்று காட்டினார். பிரபஞ்சத்தை அளக்கும் கோல், ஒரு பையன் இரவில் சன்னல் வழியே பார்த்த பார்வையிலிருந்து கிடைத்தது.

திருவாதிரைக்கு வருவோம். அது வயதான சிவப்புப் பேரரக்கன். அதன் வெளிப்பகுதி கொதித்துப் பொங்கிக்கொண்டே இருப்பது. ஏறக்குறைய 400 நாள் அளவில் ஓர் ஏற்ற இறக்கம், அதன்மேல் ஆறு ஆண்டு அளவில் நீண்ட இன்னொரு ஏற்ற இறக்கம். அது மாறுகிறது என்பதை 1836-இல் ஜான் ஹெர்ஷல் கவனித்துவிட்டார். 2020 மங்கலுக்குக் காரணம், அது வெளியே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி, நம் பார்வைக்குக் குறுக்கே நின்றது என்று பின்னர் ஆராய்ந்து சொன்னார்கள். அதன் மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்திருந்ததும் சேர்ந்துகொண்டது. வெடிக்கவில்லை, சில மாதங்களில் பழைய ஒளிக்குத் திரும்பியது.

இனி, அளப்பது எப்படி? இங்கேதான் பலரும் தயங்குவார்கள். "என்னிடம் தொலைநோக்கி இல்லையே, கணிதம் தெரியாதே" என்பார்கள். இரண்டும் வேண்டாம். வேண்டியது ஒப்பிடும் கண்.

விண்மீனின் ஒளியைச் சொல்ல பொலிவெண் என்ற அளவு உண்டு. எண் சிறியதானால் ஒளி அதிகம்; எண் பெரியதானால் மங்கல். ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு வித்தியாசம். ஆகவே ஒரு படிக்கு 2.512 மடங்கு. இந்தக் கணக்கை 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அவரைப் பற்றிச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

தை, மாசி மாத முன்னிரவில் வெளியே வாருங்கள். திருவாதிரையின் அருகில் ரோகிணி இருக்கும். அதன் பொலிவெண் 0.9. இன்னொரு பக்கம் புரோசியான், அது 0.4. திருவாதிரை இன்றைக்கு ரோகிணியைவிடப் பிரகாசமா? ஆம். புரோசியானைவிட மங்கலா? ஆம். இரண்டுக்கும் இடையே எங்கே நிற்கிறது? புரோசியானுக்குச் சற்று நெருக்கம் என்று பட்டால் 0.6 என்று எழுதுங்கள். அவ்வளவுதான். ரோகிணியைவிட மங்கிவிட்டால், பொலிவெண் 1.6 உள்ள பெல்லாட்ரிக்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது, ஒப்பிடலாம். 2020 பிப்ரவரியில் திருவாதிரை அந்தப் பெல்லாட்ரிக்ஸுக்குச் சமமாக வந்து நின்றது. ஜெர்மனியில் பான் நகரத்து வானியலாளர் ஆர்கெலாண்டர் 19-ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய ஒப்பீட்டு முறையின் வழி வந்தது இது. பழகிய கண் பத்தில் ஒரு படி, இரண்டு படி வரை துல்லியமாகச் சொல்லிவிடும்.

ஓரிரு எச்சரிக்கைகள். சிவப்பு விண்மீனை உற்று உற்றுப் பார்த்தால் கண்ணுக்கு அது கூடுதல் ஒளியாகத் தோன்ற ஆரம்பிக்கும்; ஆகவே பார்வையைச் சட்டென்று எடுத்து எடுத்துப் பாருங்கள். அடிவானத்தை ஒட்டிய விண்மீனை உச்சியில் இருப்பதோடு ஒப்பிடாதீர்கள். காற்று ஒளியைக் குடித்துவிடும். இந்த விஷயத்தில் நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. தென்காசியின் அட்சரேகை சுமார் 9 பாகை. திருவாதிரை வானத்தில் நிற்பது வடக்கே ஏழு பாகைச் சொச்சம். ஆகையால் மாசி மாத முன்னிரவில் அது நமக்குக் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். லண்டன்காரருக்கு அது ஒருபோதும் பாதி உயரத்தைத் தாண்டி அதிகம் ஏறாது.

போக்சனைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அவர் 1861-இல் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் தலைவராக, 1891-இல் இறக்கும் வரை முப்பது ஆண்டுகள் இருந்தார். வந்த ஆண்டே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். மாறொளி விண்மீன்கள் மீது அவருக்குத் தீராத ஆசை. அவருடைய மகள் ஐசிஸ் போக்சனும் அதே ஆய்வகத்தில் உதவியாளராகக் கால் நூற்றாண்டு உழைத்தார்.

அந்த ஆய்வகத்தில் போக்சனுக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதத்தோடு பழகிய குடும்பம். 1867-இல் தென்வானத்தின் ரெட்டிகுலம் என்ற சிறு மண்டலத்தில் ஒரு விண்மீன் ஒளி மாறுவதைக் கண்டார். இன்று அதற்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். சுமார் 278 நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. இந்தியர் ஒருவர் கண்டறிந்த முதல் மாறொளி விண்மீன் இது. அவர் 1872-இல் லண்டன் இராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்குப் புரியும்படி உரையாடல் வடிவில் ஒரு சிறு நூல் எழுதி, இந்திய மொழிகளிலும் வெளியிட்டார்.

அவர் செய்த இன்னொரு வேலை நம் வீட்டுச் சுவர் வரை வந்திருக்கிறது. கிரகங்கள் வானத்தில் உண்மையில் தெரியும் இடத்துக்கும் பழைய வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி கணித்த இடத்துக்கும் வித்தியாசம் விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரிவதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடி, அதை வெளியிடவும் செய்தவர் அவர். பகலில் பஞ்சாங்கம், இரவில் மாறொளி விண்மீன். இரண்டிலும் அவருக்கு ஒரே பிடிவாதம்தான். ஏட்டில் என்ன இருந்தாலும் சரி, வானத்தில் என்ன தெரிகிறதோ அதை எழுது.

அவர் சம்பளம் வாங்கிய வானியலாளர், நாம் அப்படியல்லவே என்று கேட்கலாம். அப்படியானால் ராதா கோவிந்த சந்திராவைப் பாருங்கள். 1878-இல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஜெஸ்ஸூரில் பிறந்தவர். பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தோற்றவர். கஜானாவில் சின்ன உத்தியோகம். ஹாலி வால்மீன் 1910-இல் வந்தபோது பிடித்த பைத்தியம், கடைசிவரை விடவில்லை. மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். 1918 ஜூனில் அக்விலா மண்டலத்தில் திடீரென்று ஒரு நோவா, அதாவது சட்டென்று பொங்கி ஒளிரும் விண்மீன், மூண்டபோது, யாரும் சொல்லாமல் தாமே அதைக் கண்டார். அதன்பின் ஹார்வர்டு வானாய்வகத்தோடு கடிதப் போக்குவரத்து; 1911-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்தில் உறுப்பினர். அந்தச் சங்கம் கடல் கடந்து அவருக்கு ஆறேகால் அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பி வைத்தது. அவர் அனுப்பிய கணிப்புகள் 37,000-க்கும் மேல். வயதாகி அவரால் முடியாமல் போனபோது அந்தத் தொலைநோக்கி வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, பிறகு நம் வாணியம்பாடிப் பக்கத்துக் காவலூர் வானாய்வகம் வரை வந்து சேர்ந்தது.

இத்தனை தூரத்திலிருந்து ஒரு கஜானா ஊழியரின் எண்கள் எதற்கு அந்த அமெரிக்கச் சங்கத்துக்கு வேண்டியிருந்தன? காரணம் எளிது. அமெரிக்காவின் பாஸ்டனில் பகல் என்றால் இங்கே இரவு. அங்கே பனிப்புயல் என்றால் இங்கே தெளிவானம். ஒரு விண்மீன் எந்த நேரத்தில் திடீரென்று மங்கும், எந்த நேரத்தில் பொங்கும் என்று சொல்ல முடியாது. பூமியைச் சுற்றிலும் கண்கள் இருந்தால்தான் அதன் கதை அறுபடாமல் கிடைக்கும். ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே கடல்தான் பெரும்பகுதி. அந்த இடைவெளியில் நிலமாக நிற்பது நாம்.

நமக்கும் வானம் மூடும் காலம் உண்டு. ஆனி, ஆடியில் சாரல் விழும்போது குற்றாலத்தில் விண்மீனைத் தேடுவது வீண். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தை பிறந்து சித்திரை வரை நமக்குத் தெளிவானம். நாம் பார்க்க முடியாத நாளை வேறு ஊர்க்காரர் நிரப்புவார். அவர்களுக்கு முடியாத நாளை நாம் நிரப்புவோம்.

இப்படிப் பலர் சேர்ந்து செய்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் குழு ஆரம்பித்தால் வேலை கெட்டுவிடும். நம் மாவட்டத்து மழைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நாளிதழைத் திறந்தால் குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, ராமநதி, கடனாநதி என்று அணைவாரியாக மழையளவு போடுகிறார்கள். குண்டாறில் கொட்டித் தீர்த்த அன்று கடனாநதியில் தூறல்கூட இல்லாமல் போகலாம். அதற்காகக் கடனாநதிக்காரர் தம் அளவைக் கூட்டிப் போடுவதில்லை. அவரவர் மழைமானியில் இருப்பதை அவரவர் எழுதுவதால்தான் மாவட்டத்தின் மழை நமக்குத் தெரிகிறது. விண்மீன் கணக்கும் அப்படித்தான்.

மாடியில் நாலு பேர் நிற்கிறீர்கள். ஒருவர் 0.6 என்கிறார், இன்னொருவர் 0.8 என்கிறார். "சரி, 0.7 என்று எல்லாரும் எழுதிவிடுவோம்" என்று சமரசம் செய்தால் நாலு கணிப்பு ஒன்றாகிவிட்டது; மூன்றைத் தூக்கி எறிந்துவிட்டோம். எழுதி முடிக்கும் வரை வாய் திறக்கக் கூடாது. நேற்று எழுதியதையும் புரட்டிப் பார்க்கக் கூடாது. வாத்தியார் 0.5 என்று எழுதியிருக்கிறாரே என்று மாணவன் தன் 0.9-ஐ அழிக்கக் கூடாது. ஆயிரம் பேரின் சிறு சிறு பிழைகள் சேரும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆயிரம் பேரும் ஒருவரைப் பார்த்து எழுதினால் அந்த ஒருவரின் பிழை ஆயிரம் மடங்காகிவிடும். பெரியவர் சொன்னால் மறுக்காமல் தலையாட்டிப் பழகிய சமூகம் நாம். பிள்ளைகள் தம் கண்ணை நம்பிக் கையெழுத்துப் போடப் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பெரிய பெரிய தானியங்கிக் கேமராக்கள் இரவெல்லாம் வானத்தைப் படமெடுக்கும் காலத்தில் மனிதக் கண் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேமராக்கள் மங்கலான விண்மீன்களைத் தேடுவதற்காகச் செய்தவை. திருவாதிரை போன்ற பிரகாசமான விண்மீன் அவற்றின் கண்ணைக் கூசச் செய்துவிடும், அளவு கிடைக்காது. ஆகப் பிரகாசமானவற்றை அளக்க எளிய கருவியும் வெறுங்கண்ணுமே இன்றும் தோது. அதோடு, கேமராக்கள் வந்து சில பத்தாண்டுகள்தான் ஆகின்றன. கண்ணால் எழுதிய தொடர் நூறாண்டைத் தாண்டியது. அதே முறையில் தொடர்ந்தால்தான் பழையதோடு புதியதை ஒப்பிட முடியும். நியூசிலாந்தில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் தம் வாழ்நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்புகளைக் கண்ணாலேயே செய்து கொடுத்துவிட்டு 2013-இல் மறைந்தார். வடமகுட மண்டலத்தில் டி என்னும் விண்மீன் 1866-இல் ஒருமுறை, 1946-இல் ஒருமுறை மூண்டெழுந்தது. மீண்டும் எழும் என்று உலகெங்கும் காவல் காக்கிறார்கள். 1866-இல் பார்த்தவர்கள் எழுதி வைக்காமல் போயிருந்தால், இன்று காத்திருக்க வேண்டும் என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

பார்க்காத தலைமுறைக்காக எழுதி வைப்பது தென்காசிக்குப் புதிதல்ல. 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பேணிக் காப்பவர்களின் அடிகளை வணங்குவதாகக் கல்லில் வெட்டச் செய்தான். மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூணிலும் ஆயிரம் ஆண்டு கழித்து வருவோருக்கென்று எழுதி வைத்தார்கள். அதில் தமிழும் இருக்கிறது. அரசன் கல்லில் எழுதினான். நமக்கு நாற்பது பக்க நோட்டு போதும்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பள்ளியிலும் ஐந்தாறு பேர் சேருங்கள். மேற்கே மலை மறைக்கும். ஆகவே கிழக்கும் தெற்கும் திறந்த மாடியோ மைதானமோ பாருங்கள். கடைத்தெரு விளக்கு கண்ணில் படாத இடமாக இருக்கட்டும். முதல் ஆண்டு திருவாதிரை மட்டும் போதும், வாரம் ஒரு கணிப்பு. தேதி, மணி, ஒப்பிட்ட விண்மீன்கள், கணிப்பு, வானத்தின் நிலை, பெயர் என்று ஆறு கட்டம். வானியலாளர்களின் ஜூலியன் நாள் நம் நேரப்படி மாலை 5.30-க்குத் தொடங்குகிறது; அதனால் நம் இரவு முழுவதும் ஒரே நாளில் அடங்கிவிடும், தேதிக் குழப்பம் இல்லை. அடுத்த ஆண்டு அல்கோலும் மீராவும். அதற்குள் யாராவது ஒருவர் தொலைநோக்கி வாங்கிவிடுவார். அப்போது தை மாத முன்னிரவில் தெற்கே திருப்பி ரகுநாதாச்சாரியின் விண்மீனைத் தேடலாம். சென்னையில் அது 14 பாகை உயரம்தான் ஏறும். நமக்கு 18 பாகை. லண்டனில் உதிக்கவே உதிக்காது. அமெரிக்கச் சங்கம் விண்மீன் வரைபடங்களையும் நோக்குநர் குறியீட்டையும் கட்டணமில்லாமல் தருகிறது. உங்கள் பிள்ளையின் எண், ராதா கோவிந்த சந்திராவின் எண்கள் இருக்கும் அதே தொகுப்பில் போய்ச் சேரும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் பிள்ளைகள் சரியான விடையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே தேவை அவர்கள் கண்ட விடை. மேகம் மூடிய நாளில் "மேகம்" என்று எழுதினால் அதுவும் கணக்குத்தான்.

வருகிற மார்கழியில் சித்திர சபையில் தீபாராதனை பார்த்துவிட்டு வாருங்கள். அன்று மாலை திருவாதிரையை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். நிலவு ஒதுங்கிய நாள் பார்த்து முதல் எண்ணை எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு எழுதாதீர்கள். எழுதிய பிறகு அழிக்காதீர்கள். தொடங்கிய பிறகு நிறுத்தாதீர்கள்.